நிரந்தரம்: வேண்டாம்

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை நிறுத்தினால் சாமிக்கண்ணுவுக்கு முப்பது நாள் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை ஆறவிட்டு, உள்ளே ஆள் இறங்கி, சுவரில் பாறையாக ஒட்டிக்கிடக்கிற சாம்பலை உடைத்து எடுப்பார்கள். ஓவராலிங் என்று அதற்குப் பெயர். உடம்பை ஒருக்களித்தால்தான் நுழைய முடிகிற துவாரம் வழியாக உள்ளே போக வேண்டும். தொப்பை விழுந்தவர்களுக்கு அது தோதுப்படாது. சாமிக்கண்ணுவுக்கு ஐம்பது நெருங்கியும் வயிறு முதுகோடு ஒட்டித்தான் இருந்தது.

முப்பது நாள் முடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவான். ரிசர்வ் செய்யாத பெட்டி, ஒரு பை, ஒரு போர்வை. வேண்டுதல் என்று ஒன்றும் கிடையாது. சாமியாரா என்று யாராவது கேட்டால், இட்லி கிடைத்தால் எட்டு தின்பேன், சாமியார் அப்படித் தின்பாரா என்று திருப்பிக் கேட்பான். கையிருப்பு எந்த ஊரில் தீர்கிறதோ அந்த ஊரில் இறங்கி வேலை தேடுவான். குண்டூரில் மிளகாய் மூட்டை தூக்கியிருக்கிறான். ரத்னகிரியில் மாம்பழப் பெட்டிக்கு வைக்கோல் பரப்பியிருக்கிறான். ஹூப்ளியில் கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவியிருக்கிறான். அடுத்த ஊருக்கு டிக்கெட் சேர்ந்தால் கிளம்பிவிடுவான். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். ஆனால் அந்தச் சில்லறை வேலையெல்லாம் வழியில் தாக்குப்பிடிக்கத்தான் ஆகும். அவனை ஊரைவிட்டுக் கிளப்பிவிடுவது நெய்வேலி முப்பது நாள்தான். அது இல்லையென்றால் ஆள் பக்கத்து வடலூரோடு நின்றுபோக வேண்டியது.

2016 சித்திரையில் வந்தபோது பழைய வழக்கம் மாறியிருந்தது. முன்பெல்லாம் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் இசக்கிமுத்து வந்தவர் பெயரை எழுதிக்கொள்வார், மறுநாள் கேட் பாஸ் வந்துவிடும். இந்த வருஷம் ஆளுக்கொரு படிவம். ஆபீசில் உட்கார்ந்திருந்த கண்ணகி என்ற பெண் தானே நிரப்பித் தருவதாகச் சொன்னாள். சாமிக்கண்ணு தாளைக் கொடுக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் உட்கார்ந்து எழுத்து கற்றவன். எழுதுகிற வாய்ப்பு எப்போதாவதுதான் வரும், அதை ஏன் விட வேண்டும்?

நகலுக்கு நகல் எடுத்த தாள் அது. பல இடங்களில் எழுத்து வெளுத்துப் போயிருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் சரியாகப் போட்டான். அதற்குக் கீழே இரண்டு கட்டம். ஒன்றில் தற்காலிகம் என்றும் இன்னொன்றில் நிரந்தரம் என்றும் இருந்தது. அவற்றுக்கு மேலே முகவரி என்று இருந்த தலைப்பு நகலில் விழவில்லை.

அந்த ஊரில் அந்த இரண்டு வார்த்தையும் வேலையைத்தான் குறிக்கும். பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், பர்மனென்டா காண்ட்ராக்டா என்று கேட்பார்கள். பர்மனென்ட் ஆவதற்காக வழக்குப் போட்டவர்கள் உண்டு, விரதம் இருந்தவர்கள் உண்டு. சாமிக்கண்ணு கொஞ்ச நேரம் யோசித்தான். தற்காலிகம் என்ற கட்டத்தில் ‘முப்பது நாள்’ என்று எழுதினான். நிரந்தரம் என்ற கட்டத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதினான். ஒருமுறை படித்துப் பார்த்து, விட்டுப்போன புள்ளியை வைத்துக் கொடுத்தான்.

அரை மணி நேரத்தில் இசக்கிமுத்து கூப்பிட்டனுப்பினார். அவர் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். சிரிப்பு வந்தால் மட்டும் அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும்.

“ஓய், இந்த ஊர்ல நிரந்தரம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்த மொத ஆளு நீருதான்வே. இதை லேமினேட் பண்ணி மாட்டணும்.”

அதற்குள் தாள் ஆபீஸ் முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டது. சிரித்து முடித்த பிறகு, அது அட்ரஸ் கேட்கிற கட்டம் என்று கண்ணகி விளக்கினாள். இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். வடலூர் சபையில் என்றான். தருமசாலையில் சாப்பாடு, பக்கத்திலேயே படுக்கை. அதெல்லாம் செல்லாது, போலீஸ் விசாரிக்க வரும், சொந்த ஊரைச் சொல்லுங்கள் என்றாள்.

“அது முந்நூறு அடி கீழ கெடக்குதும்மா. இப்ப மைன்ஸு. போலீசு எறங்கிப் பாப்பாங்களா?”

ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு அவன் எங்கும் வீடு போடவில்லை. கண்ணகி பேனாவை வைத்துவிட்டாள். இசக்கிமுத்துவும் இப்போது சிரிக்கவில்லை. போலீஸ் வரும்போது, இந்த ஆள் இங்கே குடியிருக்கிறான் என்று ஒருவர் சொல்ல வேண்டும், சனிக்கிழமைக்குள் அது முடிய வேண்டும் என்றார். திங்கட்கிழமை யூனிட்டை நிறுத்துகிறார்கள். அன்றைக்குப் பாஸ் வராவிட்டால் அவன் இடத்துக்கு வேறு ஆள்.

சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். தங்கை பொற்கொடி. சபையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை அவன் மூன்று வருஷமாக நடக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் எழில்மதிக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து நிற்க வேண்டும். தாய்மாமன் அப்போது கோவாவுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தான். இரண்டு செல்போன் வாங்கி இரண்டையும் ரயிலில் தொலைத்தவன். சொல்லியனுப்ப வழியில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு சிங்காரவேலு தாய்மாமனாக நின்று மாலை போட்டார்.

பொற்கொடி வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடாமல் இருக்க இரண்டு கையிலும் சாம்பல் பூசியிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

“யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டாள்.

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் நாலைந்து கொட்டையை உடைத்துத் தள்ளினாள்.

“எம்பொண்ணுக்குத் தட்டு எடுக்க உன்ன எந்த அட்ரஸ்ல வந்து தேடறது? இப்ப உனுக்கு அட்ரஸ் வேணும்.” இன்னொரு கொட்டையை உடைத்தாள். “படிக்காதவன்னா உட்டுடலாம். நைட்டு ஸ்கூல்ல எனுக்கு முன்னால ஒக்காந்துகினு பேரு எழுதனவன்தான நீ? ஒரு கார்டு போட்டியா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“எழுதிக்கினு போ. போலீசு வந்தா நான் பொய் சொல்ல மாட்டன். பாத்துக்க.”

கதவுக்கு மேலே பெயின்டில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினான். 17/4, புதுத்தெரு, வடலூர். படிவத்தில் நாலு இடத்தில் அதையே எழுத வேண்டியிருந்தது. அவள் கடைசியாகச் சொன்னது காதிலேயே நின்றது. பொய் சொல்லாமல் அவள் என்ன சொல்ல முடியும்? வருஷத்துக்கு ஒரு தடவை தெருமுனையைத் தாண்டிப் போவான், உள்ளே வரமாட்டான் என்று சொல்லலாம். அதுதான் உண்மை.

சனிக்கிழமை மத்தியானம் துரைராஜ் என்ற போலீஸ்காரர் பைக்கில் வந்தார். ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்பதால் சாமிக்கண்ணுவும் வந்து நின்றான். வண்டியை விட்டு இறங்காமலே, இவர் இங்கேதான் குடியிருக்கிறாரா என்று கேட்டார். பொற்கொடி கையிலிருந்த கொட்டையை உடைத்து, பருப்பை எடுத்துத் தட்டில் போட்டாள்.

“பர்மனென்டா இங்கதாங்க. டெம்பரரியாதான் ஊரு சுத்திகினு இருக்கறாரு.”

“எத்தினி வருஷமாம்மா டெம்பரரி?”

“பன்னெண்டு வருஷமாங்க.”

துரைராஜுக்கு அது பெரிதாகப் படவில்லை. “எம்மச்சான் பதினாறு வருஷமா டெம்பரரியாத்தான் இருக்கறான், காண்ட்ராக்ட்ல” என்று சொல்லி, பெட்ரோல் டேங்கின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு, பொய் சொல்ல மாட்டேன் என்றாயே என்று சாமிக்கண்ணு கேட்டான்.

“எது பொய்யி? உனுக்கு வேற வூடு எதுனா கீதா?”

அவன் யோசித்துப் பார்த்தான். இல்லை.

திங்கட்கிழமை பாஸ் வந்தது. முப்பது நாளும் பாய்லருக்குள் சாரத்தில் நின்று உடைத்தான். மூக்கில், காதில், சோற்றில் எல்லாம் சாம்பல். கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு ‘வேண்டாம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேண்டாம் எங்கே, வேண்டாத்தைக் கூப்பிடு என்று சாரத்தின் மேலிருந்து கத்துவார்கள். படுக்கை எப்போதும் போல வடலூர் சபையில்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கை வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டான். எழில்மதி அவனைப் பார்த்து, வாங்க மாமா என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

கடைசி நாள் இசக்கிமுத்து தனியாகக் கூப்பிட்டு, வருஷம் பூரா பாஸ் போட்டுத் தருகிறேன், இங்கேயே இருந்துவிடும் என்றார். அதான் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்றான் சாமிக்கண்ணு. பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

அடுத்த மாசம் மிரஜ் ஜங்ஷனில் வண்டிக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வெளியே போய் ஒரு கார்டு வாங்கி வந்தான். முழங்காலில் பையை வைத்து, பையின் மேல் கார்டை வைத்து, 17/4, புதுத்தெரு, வடலூர் என்று எதையும் பார்க்காமல் எழுதினான். நாலு தடவை எழுதியது கைக்கு மனப்பாடமாகிவிட்டது. மறுபக்கம் திருப்பினால் எழுத ஒன்றும் தோன்றவில்லை. வெயிலைப் பற்றி எழுதலாம். அங்கேயும் வெயில்தான். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிகிற வரைக்கும் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுதினான்.

‘தற்காலிகம்: மிரஜ் ஜங்ஷன், மூணாவது பிளாட்பாரம்.’

புள்ளியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தபால் பெட்டி எந்தப் பக்கம் என்று கேட்கப் போனான்.