சம்பா வயலில் நின்ற அத்தை

கும்பகோணத்திலிருந்து ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். திருவிடைமருதூர் தாண்டி எங்கள் ஊர் வாய்க்கால் மதகு வந்ததும் பஸ் மெதுவானது. முன் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பின் சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். அப்படி என்ன அதிசயம் என்று நானும் பார்த்தேன். என் அண்ணன் வயலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பத்தடி உயரம் இருப்பேன். இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய ஃபிளெக்ஸில், பம்புசெட் தண்ணீரில் நனைந்த மஞ்சள் சேலையும் இடுப்பில் பித்தளைக் குடமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். படத்தில் இருப்பவளுக்கு இருபத்திரண்டு வயது. பஸ்ஸில் இருப்பவளுக்கு ஐம்பத்தாறு, முட்டிக்குத் தைலம் தேய்க்காமல் படி ஏற முடியாது. முன் சீட்டுக்காரர் அது யார் என்று கண்டக்டரைக் கேட்டார். கண்டக்டர் கொஞ்சமும் யோசிக்காமல் பெயரைச் சொன்னார். அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்தான்.

வீட்டில் என் பெயர் தனபாக்கியம், சினிமாவில் சொப்னரேகா. தையல் கற்றுக்கொள்ள மெட்ராஸுக்குச் சித்தி வீட்டுக்குப் போனவளை ஒரு காலண்டர் கம்பெனிக்காரர் பார்த்துவிட்டார். தண்ணீர் மோட்டாருக்கான விளம்பரம் அது. மோட்டாரைத் தவிர மற்ற எல்லாம் படத்தில் நன்றாக விழுந்திருந்தது. சலூன், சைக்கிள் கடை, அரிசி மில் என்று நான் தொங்காத சுவர் இல்லை. கிணறே இல்லாதவர்கள்கூட மோட்டார் கடைக்குப் போய்க் காலண்டர் கேட்டார்களாம்.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதைக் கிழித்துப் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. மகள் மேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. அதனால் என் மேல் ஒரு முருகன் படத்தை ஒட்டினார். முருகன் படம் கொஞ்சம் சின்னது. அந்த வருஷம் முழுக்க மயிலுக்குக் கீழே என் கணுக்கால் இரண்டும் ஈரமாகத் தெரிந்துகொண்டிருந்தன.

பிறகு சினிமா. டைட்டிலில் 'கவர்ச்சிப் புயல்' என்று போடுவார்கள். புயல் அடித்தால் எங்கள் பக்கம் வாழையாவது சாயும், என்னால் தயாரிப்பாளர்களைத் தவிர யாரும் சாய்ந்ததாகத் தெரியவில்லை. எல்லாப் படத்திலும் ஒரே வேலைதான். வில்லன் குடிப்பான், நான் ஆடுவேன், கதாநாயகன் வந்து மேசையை உடைப்பான். அதோடு என்னை அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு அழுகிற சீன் கொடுங்கள் என்று பார்க்கிற டைரக்டரிடமெல்லாம் கெஞ்சியிருக்கிறேன். அவர்களில் ஒருவர், "உனக்கு அழ வராதும்மா. வந்தாலும் உன் கண்ணீரை எவன் பார்க்கப்போறான்?" என்றார். செட்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

என்னைவிட ஒல்லியான பெண்கள் வந்ததும் புயல் கரையைக் கடந்தது. முதலில் கற்ற தொழிலுக்கே திரும்பினேன். இப்போது கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அரைகுறையாக உடுத்தி ஆடியவள் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறாளே என்று சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முதுகில் எவ்வளவு இறக்கினால் மாமியார் வாயைத் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் ஊருக்குப் போனதும் ரவிக்கை கொடுக்கத்தான். என் அண்ணன் சிங்காரவேலுவின் மகள் வானதிக்கு அந்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வெற்றிசெல்வன், பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர்கள்.

அண்ணன் வரப்பில்தான் நின்றார். நேராகப் போய், இது என்ன அண்ணே என்று கேட்டேன். அவர் படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"போன வருசம் பயிரு ஜம்முனு நின்னுச்சு. பஸ்ஸுல போறவன் வர்றவன் கண்ணெல்லாம் பட்டு, ஆனைக்கொம்பன் பூச்சி வந்து பாதி போச்சு. இந்த வருசம் ஒருத்தன் கண்ணும் பயிரு மேல போவல, பாத்துக்க," என்றார்.

திருஷ்டிக்குப் பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து வைத்தால் ஆகாதா என்றேன். அதை எவன் பார்க்கிறான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கதிர் தலை சாய்ந்து, வயல் மஞ்சளாகத் தளதளவென்று இருந்தது. நான் காவல் காத்த பயிர் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்தப் பெருமை போய்விட்டது. அங்கே கல்யாண ஃபிளெக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. தாய்மாமன், ஒன்றுவிட்ட பெரியப்பா, சித்தப்பா, அண்ணனின் குவைத் சிநேகிதர், இன்னும் பல் முளைக்காத குழந்தைகள் என்று ஊரே அதில் சிரித்தது. வலது மூலையில் அண்ணன் புதிதாக வாங்கிய டிராக்டர் மாலை போட்டு நின்றது. அத்தை மட்டும் இல்லை.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பெண் பார்க்க வந்தபோது, தனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டாராம். இனி மாற்றிப் பேசினால் நன்றாக இருக்காதாம். "கல்யாணம் முடியட்டும் தனம். அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்," என்றார். எங்கள் வீட்டில் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அத்தைதான். வானதி பிறந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதை அண்ணியின் தங்கை செய்வாள் என்று முடிவாகியிருந்தது.

வயலுக்கு ஆவேன், வாசலுக்கு ஆக மாட்டேனா என்று கேட்டேன். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வானதி என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய், நீ இல்லாமல் தாலி கட்டிக்க மாட்டேன் அத்தை என்று மூக்கை உறிஞ்சினாள். பைத்தியம் மாதிரிப் பேசாதே, முதலில் ரவிக்கையைப் போட்டுப் பார் என்றேன். அண்ணன் எனக்காக ஒரு வேலை ஒதுக்கியிருந்தார். பந்திச் சாமான் வைத்திருக்கும் உக்கிராண அறையைக் கவனிக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். அதாவது மண்டபத்துக்குப் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பேன். குழந்தை முகத்துக்காக இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு வேன்கள் அந்த வயல் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே அண்ணன் படத்தை அவிழ்த்துவிட்டார். தூக்கிப் போட்டாரா என்றால் இல்லை. எங்கள் பக்கம் ஃபிளெக்ஸைத் தூக்கிப் போடுகிற வழக்கமே கிடையாது. எம்.எல்.ஏ. பிறந்தநாள் ஃபிளெக்ஸ் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், காதுகுத்து ஃபிளெக்ஸ் களத்து நெல்லை மழைக்கு மூடும். மடித்துச் சுருட்டி, பந்தல் சாமான் ஏற்றிய வண்டியிலேயே போட்டுவிட்டார். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

விடிகாலையில் காற்று அடித்து, சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே இருந்த கீற்றுத் தட்டி விழுந்துவிட்டது. பந்தல்காரர் பகலவன், மறைப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்று வண்டியைத் துழாவியிருக்கிறார், நான் கிடைத்தேன். பகலவன் பொறுப்பான மனுஷன். படம் அடுப்புப் பக்கம் இருந்தால் சமையல்காரர்கள் பாயசத்தைத் தீய விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, படத்தைப் பந்திப் பக்கம் திருப்பி இழுத்துக் கட்டினார். யாரையும் கேட்கவில்லை. அண்ணன் மணவறையில் இருந்தார். நான் உக்கிராண அறையில் இலை எண்ணிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது அங்கேயே நின்று, கையில் இருந்த அட்சதையைச் சுவரைப் பார்த்துப் போட்டேன். அழக்கூட இல்லை, அப்படி ஒரு கோபம்.

முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டுக்கு. பரிமாற ஓர் ஆள் குறைந்ததால் ரச வாளியை நானே தூக்கினேன். வழக்கமாக முதல் பந்தி என்றால் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று கூச்சல் இருக்கும். இது பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. ஒருவரும் இலையைப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் கையில் அப்பளத்தை வைத்துக்கொண்டு வாயைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லாரும் எனக்குப் பின்னால் பார்க்கிறார்களே என்று திரும்பினேன். பத்தடி உயரத்தில் நான், குடத்தோடு.

அப்பளத்தோடு இருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா ராஜசேகர். "இந்தக் காலண்டர் நம்ம தேங்கா மண்டியில இருந்துச்சே," என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

பக்கத்தில் அவர் மனைவி ராஜாத்தி அம்மாள். கழுத்து கொள்ளாத நகையும், மலர்ச்சியே இல்லாத முகமுமாக இருந்த அந்த அம்மாளுக்கு நான் காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். "ஆமா. எங்க கல்யாணத்துக்கு இவரு நாள் பாத்ததே அந்தக் காலண்டர்லதான். தெனமும் போயி நின்னு நின்னு பாத்தாரு. ஒரு நாள் குறிக்க ஆறு மாசம் ஆச்சு," என்றார். பந்தி சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

அதற்குள் செய்தி கேட்டு அண்ணன் வேட்டி தடுக்க ஓடி வந்தார். அவரிடம் அந்த அம்மாள் கேட்டார். "இவங்க யாரு சம்பந்தி?"

"அது வந்துங்க... சமையல்காரங்களோட வந்தவங்க," என்றார் அண்ணன்.

ஃபிளெக்ஸில் இல்லாதது போகட்டும், உக்கிராணத்தில் நிறுத்தியதும் போகட்டும், என் முகத்துக்கு நேரே அவர் இதைச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லி நான் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அந்த வசனத்தை வாழ்நாள் முழுக்கப் பேசியாயிற்று. வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ராஜாத்தி அம்மாள் அண்ணன் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "சமையக்காரங்களுக்கு எப்படிங்க உங்க மூக்கு வந்துச்சு?"

பந்தி மொத்தமும் திரும்பியது. எங்கள் குடும்ப மூக்கு எங்கே போனாலும் மறையாது. நுனியில் சற்றுத் தடித்து, இடதுபக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். படத்தில் இருந்தது, என்னிடம் இருந்தது, அண்ணனிடம் வியர்த்துக்கொண்டிருந்தது. மாலையோடு வந்து நின்ற வானதியிடமும் அதேதான், மூக்குத்தியோடு. வானதி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அண்ணன் துண்டை எடுத்தார். முகத்தைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எந்தங்கச்சிங்க. கூடப் பொறந்தவ, இவ ஒருத்திதான். தனபாக்கியம். பொண்ணுக்கு அத்தை," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கல்யாண ரவிக்கையும் இவதாங்க தச்சா," என்று ஜாமீன் கொடுப்பதைப் போலச் சேர்த்துக்கொண்டார்.

"ஏங்க, அத்தையை ரசம் ஊத்த வுட்டுட்டு டிராக்டரையா ஃபிளெக்ஸ்ல போடுவாங்க?" என்றார் ராஜாத்தி அம்மாள். பிறகு கணவரை ஓர் இலை தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு இலை போட்டார்கள். ரச வாளியை அண்ணனே தூக்கிக்கொண்டு வந்தார். ரசத்தைப் பாயசத்தின் மேல் ஊற்றினார்.

குனிந்து, படத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லட்டுமா என்று காதோரம் கேட்டார். "இருக்கட்டும்ணே. பொண்ணு மாப்பிள்ளை மேல கண்ணு படாம இருக்கும்," என்றேன்.

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கிளிசரின் இல்லாமல், கட் சொல்ல ஆளில்லாமல், கண்ணீர் பொலபொலவென்று இலையில் விழுந்தது. எனக்கு அழ வராது என்று சொன்ன அந்த டைரக்டரை நினைத்துக்கொண்டேன். பந்தியில் இருந்த அத்தனை பேரும், ராஜசேகர் உட்பட, படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.