தூங்கிய வயிறு

கரிக்கலாம்பாக்கத்தில் வாடகைக்கு டிராக்டர் ஓட்டும் சூசைநாதன் நூற்று நாற்பத்தொரு கிலோ இருந்தார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். தூக்கம் போதாமல் பகலில் கண் சொருகும். ஒருநாள் உழுதுகொண்டிருந்த வண்டி வரப்பேறி வாய்க்காலில் இறங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் மனைவி ஸ்டெல்லா அவரை எடை குறைக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தாள்.

ஆனால் வலி என்றால் அவருக்குப் பயம். இருபது வயதில் குடல்வால் ஆபரேஷன் ஆகி, நான்கு நாள் இருமக்கூட முடியாமல் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதவர் அவர்.

மயக்க மருந்து டாக்டர் அர்ச்சனாவிடம் முதலில் அதைத்தான் கேட்டார். "வலி தெரியாம ஸ்ட்ராங்கா எதுனா போட்டுடுங்க மேடம்."

"அந்த மருந்ததான் உங்களுக்கு அதிகம் போடக்கூடாது. அது மூச்ச மெதுவாக்கும். உங்களுக்கு ஏற்கெனவே தூக்கத்துல மூச்சு நிக்குது. அதனால வயித்துச் சதைக்கு நடுவுல மரத்துப்போற ஊசி போடப்போறேன். பல்லு புடுங்கறப்ப போடுவாங்களே, அந்த மாதிரி."

"பல்லு சின்னது மேடம். இது இம்மாம் வயிறு."

டாக்டர் சிரித்தார். "ஸ்கேன்ல பாத்து, சரியான எடத்துலதான் போடுவேன்."

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. பகல் இரண்டு மணிக்குக் கண் விழித்த சூசைநாதன், வயிற்றில் வலியே தெரியாமல் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்லயாடி?"

"இன்னாங்க சொல்றீங்க? முடிஞ்சி போச்சி." ஸ்டெல்லா போர்வையை விலக்கிக் காட்டினாள். வயிற்றில் ஐந்து இடங்களில் பிளாஸ்திரி.

டாக்டர் அர்ச்சனா வந்து ஓர் ஐஸ் துண்டை அவர் தோளில் வைத்தார். சில்லென்றிருந்தது. பிறகு வயிற்றில் வைத்தார்.

"இப்போ?"

"ஏதோ தொடற மாதிரி கீது. சில்லுனு இல்ல மேடம்."

ஐஸ் உருகி விலாவில் வழிவதை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மேலே இந்த வயிறு ஒன்றும் அறியாமல் கிடக்கிறது.

சாயங்காலம் ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராண்டாக் கோடி வரை நடந்தார். அவருக்கு வலது தோளில் மட்டும் ஒரு கடுப்பு. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் அடைத்த காற்றால் வருவது, இரண்டு நாளில் போய்விடும் என்றாள் நர்ஸ்.

அடுத்த நாள் மரமரப்பு விட்டு வலி வந்தது.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"வலிக்குது. தாங்கிக்கலாம்."

அன்று அவர் இருமினார். அழவில்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

நான்கு மாதத்தில் முப்பது கிலோ குறைந்து மறுபடி டிராக்டர் ஏறினார். எடையைப் பற்றி யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அந்த ஊசிக்கு வந்துவிடுவார்.

"நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்பா. பேசறேன், நடக்கறேன். வயிறு மட்டும் தனியா தூங்கிக்கினு இருக்குது."