சிரிப்பு வந்த இடம்

தோரா ஹால்வர்சன் அந்தப் படத்தை எழுதியதே ஒரு காட்சிக்காகத்தான். மகளோடு பேச்சை முறித்துக்கொண்ட ஒரு பண்ணைக்காரத் தகப்பன், தொழுவத்தில் பால் கறந்தபடி, தலை நிமிராமல், "என் மேலதான் தப்பு" என்கிறான். தோராவின் சொந்த அப்பா விஸ்கான்சினில் மாடு வைத்திருப்பவர். சினிமாவுக்கு எழுதப் போகிறேன் என்றவளை, அப்படியே போய்விடு என்று கதவைச் சாத்தியவர். அதற்குப் பிறகு விசேஷ நாட்களில் நலம் விசாரிப்பதோடு சரி. திரையில் வேறொருவன் சொல்லக் கேட்டாவது அவருக்கு உறைக்காதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

வெளியீட்டுக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் படத்தைப் போட்டுப் பார்ப்பது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். ஜனம் எங்கே அழுகிறது, எங்கே இருமுகிறது என்று பின்வரிசையில் உட்கார்ந்து காது கொடுப்பார்கள். பண்ணைக் கதையைப் பண்ணைக்காரர்களே பார்க்கட்டும் என்று தயாரிப்பாளர் மர்ரே கிரீபலின் மூளைக்குத் தோன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே, சாணம் மணக்கும் ஆர்ட்டீசியா என்ற ஊரைப் பிடித்தார்.

தொழுவக் காட்சி வந்தது. தியேட்டரே கொல்லென்று சிரித்தது.

பின்வரிசையிலிருந்த தோரா முன்னால் சாய்ந்து காது கொடுத்தாள். முன்னால் இருந்த ஒருவன் மனைவியிடம் சொன்னான். "இடப்பக்கம் உக்காந்து கறக்குறான் பாரு. நம்ம மாடா இருந்தா இந்நேரம் அவன் பல்லு போயிருக்கும்."

மாட்டுக்கு வலப்பக்கம்தான் முக்காலி போடுவார்கள் என்று படப்பிடிப்பிலேயே அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? தகப்பனாக நடித்த ரோர்க்குக்கு முகத்தில் ஒரு பக்கம்தான் அழகாம், மறுபக்கத்தைக் கேமராவுக்குக் காட்டமாட்டார். மாட்டைத் திருப்பி நிறுத்தினால் விளக்கைப் பார்த்து அது மிரள்கிறதாம். மாட்டுக்கும் ரோர்க்குக்கும் கிடைத்த மரியாதை எழுதியவளுக்குக் கிடைக்கவில்லை.

கிரீபல் வாசலில் சுருட்டும் கையுமாக நின்றார். "அந்த சீனைத் தூக்கிடறோம்."

"சார், அவங்க வசனத்துக்குச் சிரிக்கல. ரோர்க் தப்பான பக்கம் உக்காந்திருக்காரு, அதுக்குத்தான் சிரிச்சாங்க."

"எதுக்கா இருந்தா என்னம்மா? சிரிச்சாங்களா, இல்லியா?"

"திரும்ப எடுத்துடலாம் சார். அரை நாள் வேலை."

"அடுத்த படத்துக்கு அவரு மீசை வளத்துட்டாரு. வழிச்சுக்கோங்கன்னு நீ போய்ச் சொல்றியா?"

"அந்த ஒரு வரியையாவது வேற எங்கயாச்சும் வெச்சுக்கறேன்."

"பெத்த அப்பன் மன்னிப்பு கேட்டா ஜனம் சிரிக்குது தோரா. கண்ணால பாத்தோமில்ல? போ, போய்த் தூங்கு."

காட்சி போயிற்று. அது இல்லாமலேயே படம் ஊர் ஊராக ஓடியது. பெண்கள் கைக்குட்டை நனைய அழுதார்கள். விமர்சகர்களோ, கடைசிவரை வாய் திறக்காத அந்தத் தகப்பனின் கம்பீரத்தை ஆளுக்கொரு பத்தி புகழ்ந்தார்கள். எழுத்தாளர் அவனை மன்னிப்பு கேட்கவைக்காதது பெரிய துணிச்சல் என்றார் ஒரு நியூயார்க்காரர். கிரீபல் அதைப் போனில் வாசித்துக்காட்டி, "பாத்தியா, எல்லாம் உன் பேருக்குத்தான்" என்றார். திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். பாராட்டுகிறவனிடம் என்ன சண்டை போடுவது? விருந்துகளில் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விஸ்கான்சினிலிருந்து டிரங்க் கால் போட்டார்.

"படம் பாத்தேன்."

தோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு. அந்த ஆளு கடசிவரைக்கும் மககிட்ட தப்புன்னு ஒத்துக்கல பாரு, அங்கதான் நின்னான் மனுஷன்." அவர் குரல் இளகியது. "என்னை நீ புரிஞ்சுக்கவே இல்லன்னு நெனச்சுட்டிருந்தேன் தோரா. நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கே."

அப்படி நான் எழுதவில்லை என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் இவ்வளவு பிரியமாக அவளிடம் பேசியதே கிடையாது.

"ஆமாப்பா," என்றாள்.