முதலில் கை, பிறகு முடிவு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. தீவுத் தனியார் பள்ளிகள் தடகளச் சங்கத்தின் செயலாளர் அந்தோணிராஜ் சார் கூப்பிட்டார். சங்கத்துக்கு நாற்பது வயது ஆகிறது, மலர் போடுகிறோம், இந்த வருடப் போட்டியன்று திடலிலேயே எல்லாருக்கும் கொடுக்கப் போகிறோம், தமிழில் நான்கு பக்கம் வேண்டும் என்றார். மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் எழுதி முடித்தாகிவிட்டதாம். தமிழ் மட்டும்தான் பாக்கி. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'நமது வரலாறும் விழுமியங்களும்'.

"கத கித எல்லாம் வேணாம் தம்பி. கட்டுரையா எழுதுங்க. நல்லதா நாலு வார்த்த."

நல்லதாக நாலு வார்த்தை வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்கில் வேர்க்கும். கெட்டதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் சரி என்றேன். எழுதுகிறவனைத் தேடி வேலை வருவது அபூர்வம்.

முதல் தொடக்கம்:

விளையாட்டு என்பது உடலை மட்டுமல்ல, உள்ளத்தையும்—

[இதற்கு மேல் கை ஓடவில்லை. இந்த வாக்கியத்தை நீங்கள் எந்தப் பள்ளி விழாவில் கேட்டீர்கள்? எல்லாப் பள்ளி விழாவிலும்.]

இரண்டாம் தொடக்கம், சார் சொல்லிக் கொடுத்தது:

நாற்பது ஆண்டுகளில் ஒரு முறையீடுகூட எழாத பெருமை நம்முடைய சங்கத்துக்கு மட்டுமே—

இங்கேதான் எனக்கு வண்டி நின்றது. ஓட்டப்பந்தயம், பள்ளிப் பெருமை, வேலிக்கு வெளியே கத்துகிற பெற்றோர். நாற்பது வருடம். ஒருவர்கூட 'இது அநியாயம்' என்று சொல்லவில்லையா? டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதற்கே வாரம் தவறாமல் சண்டை நடக்கிறது. சண்டையே இல்லாத இடம் என்றால் ஒன்று அங்கே மனிதர்கள் இல்லை, அல்லது யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

2

புலாவ் திக்குஸில் ஒரு கோப்பிக் கடையில் சாரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். ஞாயிறு பூசை முடிந்து அப்படியே வந்திருந்தார். சட்டை கசங்கவில்லை. முறையீடு ஏன் இல்லை என்று நேராகவே கேட்டேன்.

"எங்க வழக்கம் அப்படி தம்பி," என்றார்.

வழக்கம் இதுதான். ஓட்டம் முடிந்ததும் ஓடியவர்கள் எல்லாரும் முடிவுக் கோட்டைத் தாண்டிப் புல்லில் வரிசையாக நிற்க வேண்டும். கடைசியாக வந்தவர் தொடங்கி, ஒவ்வொருவரும் எல்லாருக்கும் கைகொடுக்க வேண்டும். கடைசிக் கையும் கொடுத்து முடிந்த பிறகுதான் சார் ஒலிவாங்கியை எடுத்து முடிவைச் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கக் கூடாது. திடலில் கட்டியிருக்கும் பதாகையிலேயே அது இருக்கிறது: முதலில் கை, பிறகு முடிவு.

"மொத வருஷம் அஞ்சலோட்டத்துல யாரு ஜெயிச்சான்னு சண்ட. அப்பனுங்க எல்லாம் வேலியத் தாண்டி உள்ள வந்துட்டானுங்க. நாற்காலி பறக்குது. ஒரு டீச்சருக்குக் கை ஒடஞ்சிப் போச்சி. பிள்ளைங்க ஓரமா நின்னு அழுவுதுங்க. இனிமே சங்கமே வேணான்னுட்டாங்க. அப்பதான் நான் சொன்னேன், முடிவு தெரியறதுக்கு முன்னாலயே கை குடுக்க வெப்போம்னு."

"பிறகு கொடுத்தால் என்ன சார்?"

"தெரிஞ்ச பெறகு குடுத்தா, ஜெயிச்சவன் கையில திமிரு இருக்கும், தோத்தவன் கையில கோவம் இருக்கும். தெரியாதப்ப குடுக்கிற கைதான் தம்பி சுத்தம்."

சொன்னால் சொல்ல வேண்டும், அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதால் சந்தேகம் இன்னும் கூடியது.

"சரி சார், தப்பு நடந்திருந்தால்?"

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. [பொய். அவர் குடித்தது பார்லித் தண்ணீர், கரண்டியே கிடையாது. ஒரு மனிதர் எதையோ மறைக்கிறார் என்று காட்ட எழுத்தாளர்கள் கரண்டியை நிறுத்துவார்கள். நானும் நிறுத்திவிட்டேன். அவர் உண்மையில் என் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.]

"கை குடுத்தாச்சின்னா குடுத்தாச்சி. முடிஞ்சி போச்சிலா."

3

வாயைப் பொத்தியவர்களைத் தேடி நான் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி என் மாடியிலேயே இருந்தாள். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற ரமணியின் மகள், தனுஜா. தனியார் பள்ளியில் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. போன வருடம் வரை மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படிகளில் தடதடவென்று ஏறிப் போவாள். இப்போது எல்லாரோடும் சேர்ந்து மின்தூக்கிக்காக நிற்கிறாள்.

ரமணிதான் என் கதவைத் தட்டினார்.

"அண்ணே, சங்கத்து மலருக்கு நீங்கதான் எழுதுறீங்களாமே? எங்க பிள்ள கத வருமா அதுல?"

"அம்மா, விடும்மா," என்றாள் தனுஜா பின்னாலிருந்து.

விடவில்லை. உட்கார்த்தி வைத்துக் கேட்டேன்.

போன வருடம் எண்ணூறு மீட்டர் இறுதிச் சுற்று. கடைசி வளைவில் தனுஜா இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். முன்னால் கிறிஸ்டல் என்று வேறொரு பள்ளிப் பெண். தனுஜா முந்தப் பார்க்கிறாள். கிறிஸ்டலின் முழங்கை வந்து நெஞ்சில் இடிக்கிறது. தனுஜாவின் கால் உள்பக்கச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. வளைவில் நின்ற நடுவர் காலைப் பார்த்தார், முழங்கையைப் பார்க்கவில்லை.

"நான் செகண்டுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன் அங்கிள். சிரிச்சிக்கிட்டே அவளுக்குக் கை குடுத்தேன். எல்லாருக்கும் குடுத்தேன். பெறகு மைக்ல சொல்றாங்க, தனுஜா கோட்ட மிதிச்சிட்டா, டிஸ்குவாலிஃபைடுன்னு. இடிச்சாங்கன்னு சொல்லப் போனேன். எங்க கோச்சே கையப் புடிச்சி இழுத்துட்டாரு. 'கை குடுத்துட்டல்ல, பேசாத'ன்னுட்டாரு."

இதோடு முடியவில்லை. கோட்டை மிதித்து விலக்கப்பட்டவர் மறு வருடம் அதே ஓட்டத்தில் இறங்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. இது தனுஜாவுக்குப் பள்ளியில் கடைசி வருடம். வரும் சனிக்கிழமை நடக்கிற எண்ணூறு மீட்டர்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. செயற்குழு நினைத்தால் ஓட்டம் தொடங்கும்வரை எப்போது வேண்டுமானாலும் தடையை நீக்கலாம். ஆனால் அதற்கு யாராவது முறையிட வேண்டும். முறையிட முடியாது, ஏனென்றால் கைகொடுத்தாயிற்று.

நாற்பது வருடப் பெருமையின் லட்சணம் எனக்குப் புரிந்துவிட்டது. பூட்டை நல்ல வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

அன்றே எழுதினேன்:

வெள்ளைச் சட்டைக்குள் ஒளிந்திருந்த அந்தக் கிழவரின் புன்னகையில் ஒரு பாம்பு—

[அடித்துவிட்டேன். ஆனால் ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கிறிஸ்டல் யார் தெரியுமா? அந்தோணிராஜ் சாரின் மகன்வழிப் பேத்தி.]

பார்த்தீர்களா, உங்களுக்கும் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் நம்பவில்லை. இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிற வில்லன் கதைகளில்தான் கிடைப்பான். வழக்கத்தை ஏற்படுத்தியபோது இந்தப் பேத்தி பிறக்கவே இல்லை. நாற்காலி பறந்ததையும், அந்த ஆசிரியையின் கை ஒடிந்ததையும் அவர் கண்ணால் பார்த்தவர். அதன் பிறகு அந்தத் திடலில் ஒரு தகப்பன்கூட வேலி தாண்டவில்லை. அதுவும் உண்மைதானே?

ஆனால் பேத்தியின் முழங்கை என்று வரும்போது ஒருவர் வழக்கத்தைக் காப்பாற்றுகிறாரா, பேத்தியைக் காப்பாற்றுகிறாரா என்று வெளியே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவருக்கேகூடத் தெரியாமல் இருக்கலாம். கடையில் அவர் என் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னதை வைத்து நான் ஒன்றும் முடிவு கட்டப் போவதில்லை. பொய் சொல்கிறவர்களும் கண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

5

கிறிஸ்டலை நான் தேடிப் போகவில்லை. திடலில் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். அவளே நேராக என்னிடம் வந்தாள்.

"தாத்தாவோட மலருக்கு எழுதுற அங்கிள் நீங்கதானே? தனுஜா பேரு அதுல வருதா?"

வந்தால் உனக்கு என்ன என்று கேட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்டேன்.

"நான்தான் இடிச்சேன் அங்கிள்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சிதான்." புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ முந்திடுவான்னு பயந்துட்டேன். அன்னிக்கே வீட்டுல தாத்தாகிட்ட சொன்னேன். மெடல எடுத்துக்குங்க, அவ பேரத் திரும்பச் சேத்துடுங்கன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'கை குடுத்தாச்சிம்மா'ன்னாரு. 'ஒனக்காக நான் வழக்கத்த ஒடச்சா, நாளைக்கி எல்லாரும் ஒடைப்பாங்க'ன்னாரு. அதுக்கு மேல பேசவே வுடல."

நாற்பது ஆண்டுகளில் ஒரு முறையீடுகூட இல்லையாம். ஒன்று இருந்திருக்கிறது. அதைச் செய்தது ஜெயித்தவள். தன்மேல் தானே செய்திருக்கிறாள், அதுவும் செயலாளரின் வீட்டுக்குள்ளேயே.

சனிக்கிழமை ஓடுவாயா என்று கேட்டேன்.

"ஓடுவேன். ஓடி முடிச்சிட்டு வரிசையில நிப்பேன். ஆனா கை குடுக்க மாட்டேன். யாருக்கும் குடுக்க மாட்டேன். நான் குடுக்காம தாத்தா மைக்கத் தொட முடியாதுலா."

யோசித்துப் பார்த்தேன். கை இல்லாமல் முடிவு இல்லை. பள்ளிகள் எல்லாம் பார்த்திருக்க, பதாகைக்குக் கீழே, அவருடைய பேத்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். வழக்கத்தை அதன் சட்டையைப் பிடித்தே நிறுத்தப் போகிறாள்.

[இவளையும் சந்தேகப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். தாத்தாவோடு வேறு ஏதாவது சண்டையா, குற்ற உணர்ச்சியைக் கழுவ ஒரு நாடகமா? என்னையும் சந்தேகப்பட்டேன். என் கதைக்கு நல்ல முடிவு கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பிள்ளையை உசுப்பிவிடுகிறேனோ?]

"இதை நான் எழுதினால் உன் தாத்தா முன்னாலேயே படித்துவிடுவார். செயற்குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் அச்சுக்கே போகும். உன்னை ஓடவிடாமல் நிறுத்திவிடுவார்."

"நிறுத்துனா நிறுத்தட்டும். எழுதுங்க அங்கிள்." அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சொன்னா காதுல வாங்க மாட்டேங்கிறாரு. படிக்கட்டும். திடீர்னு எல்லார் முன்னாலயும் அவர நிக்க வெக்க எனக்கும் ஆசை இல்ல."

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. சார் படித்துவிட்டு, செயற்குழுவைக் கூட்டித் தனுஜாவின் தடையை நீக்குகிறார். இரண்டு பெண்களும் ஓடுகிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமில்லை— [முக்கியம்தான். தனுஜாவிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு ஜெயிக்க வேண்டும்.]

ஆ. சார் படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிறார். தனுஜா சனிக்கிழமை வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறாள், கிறிஸ்டலுக்குக் காய்ச்சல் என்று அறிவிக்கிறார்கள், நாற்பது வருடப் பெருமை நாற்பத்தொன்றாகிறது.

இ. சார் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சுக்கு அனுப்புகிறார், ஆனால் தடையையும் நீக்கவில்லை. தன் பேத்தி வரிசையில் எப்படி நிற்கிறாள் என்று பார்க்கக் காத்திருக்—

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது அவரை எனக்குப் பிடித்துவிட்டதாலா என்று தெரியவில்லை.]

7

சார், இதை இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டுரை கேட்டீர்கள், கதை கொடுத்திருக்கிறேன். மன்னிக்க வேண்டாம். சங்கத்தின் வரலாறு இதில் இருக்கிறது, விழுமியமும் இருக்கிறது. உங்கள் பேத்தியிடம்தான் அது இருக்கிறது.

இனி வாசகருக்கு. முதலில் கைகொடுங்கள், பிறகு முடிவைச் சொல்கிறேன் என்று நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை. என்னிடம் முடிவு இல்லை. ஆனால் உங்களிடம் இருக்கலாம். நீங்கள் இதை எங்கே வாசிக்கிறீர்கள்?

வீட்டில், பேருந்தில், வேறு ஏதோ புத்தகத்தில் என்றால், அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மலரின் அந்த நான்கு பக்கங்களில் வேறு யாரோ நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருப்பார்கள்.

திடலில், கூடாரத்துக்கு அடியில், மலரின் தமிழ்ப் பக்கங்களில் வாசிக்கிறீர்கள் என்றால், அவர் இதைப் படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார். அப்படியானால் மலரை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். எண்ணூறு மீட்டர் முடிந்திருக்கும். பெண்கள் புல்லில் வரிசையாக நிற்பார்கள். வரிசையில் தனுஜா இருக்கிறாளா? கிறிஸ்டலின் கைகள் எங்கே இருக்கின்றன? சார் ஒலிவாங்கியை எடுத்துவிட்டாரா, அல்லது அதை மேசையிலேயே வைத்துவிட்டு அவர்களை நோக்கி நடக்கிறாரா?

எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.