சாட்சியைப் பூட்டி வைத்தவர்கள்

அந்தச் சப்-ஜெயில் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் "நம்ம ஊர்ல அப்படி இல்லப்பா" என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1981-இல் என்னை அந்த ஜெயிலுக்குப் பார்வையாளராகப் போட்டார்கள். சம்பளம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், சோறு எப்படி, தண்ணீர் வருகிறதா, கைதிகளுக்குக் குறை உண்டா என்று பார்த்து அங்கிருக்கும் நோட்டில் எழுத வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்களைத்தான் போடுவது வழக்கம். பட்டியலில் ஒரு பொம்பளை பேரும் வேண்டும் என்று எவரோ சொல்லியிருக்கிறார். திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த சந்திரகலா, அதாவது நான், மாட்டினேன். மாதர் சங்கத்தில் கைதிகளின் உரிமை என்று இரண்டு கூட்டம் பேசியிருந்தேன். பேசுவதற்கு என்ன, வாய் இருக்கிறது.

ஆடி மாதம் முதல் தடவை போனேன். வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிதாகக் கோலம் போட்டிருந்தது. ஹெட் வார்டர் சகாதேவன் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். ஒரு பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருபது வயது இருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பேரைக் கேட்டேன். "பாஞ்சாலைங்க" என்றாள்.

"உங்க பொண்ணா சார்?" என்று சகாதேவனைக் கேட்டேன். அவர் சிரித்தார். அது என்ன சிரிப்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நோட்டை நீட்டினார்கள். முன்னால் வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். உணவு நன்று. சுகாதாரம் நன்று. கைதிகள் குறை ஏதும் கூறவில்லை. எனக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதையே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளையைப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைக்கிறவள் நான்.

ஐப்பசியில் இரண்டாம் தடவை போனபோது முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். கோலமும் இல்லை, காப்பியும் இல்லை. பின்கட்டில் பெண்கள் அறைக்கு எதிரே அதே பெண் உட்கார்ந்து சோற்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராஜம்மாள். பெண் கைதி உள்ளே இருக்கிற நாட்களில் மட்டும் தினக்கூலிக்குக் கூப்பிடும் காவல்காரி அவள்.

"இந்தப் பொண்ணு போன தடவையும் இங்கேயேதான் இருந்துது, வீட்டுக்குப் போகாதா?" என்றேன்.

"எங்கம்மா போவா? உள்ள இருக்கறவளாச்சே."

"இன்னா பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணலம்மா. அவளைத்தான் பண்ணாங்க" என்றாள் ராஜம்மாள்.

அதற்குப் பிறகு மீதியையும் அவளே சொன்னாள். ஆனி மாதம் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை எடுத்துக்கொண்டிருந்த பாஞ்சாலையை மூன்று பேர் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து போலீஸ் மீட்டுக் கொண்டுவந்தது. கேஸ் போட்டார்கள். முதல் ஆள் ரைஸ் மில் முதலாளி மகன். மூன்று பேருக்கும் எட்டாவது நாள் ஜாமீன். அவர்கள் மிரட்டிச் சாட்சியைக் கலைத்துவிடக் கூடாது என்று கோர்ட் பாஞ்சாலைக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. பெண்கள் விடுதியில் இடம் இல்லையாம். பாதுகாப்பான இடம் வேறு எது இருக்கிறது, ஜெயில்தானே. அவளை உள்ளே போட்டுப் பூட்டினார்கள். செய்தவன் வெளியே, பட்டவள் உள்ளே. நான் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுக் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

சகாதேவனைப் பிடி பிடியென்று பிடித்தேன். நீ மனுஷனா, உனக்குப் பெண் பிள்ளை இல்லையா, எந்தச் சட்டத்தில் இவளைப் பாத்திரம் தேய்க்க வைத்தாய் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அந்த ஆள் கோபப்படவே இல்லை. நோட்டைக் கொண்டுவந்து பிரித்து விரலை வைத்தார்.

"ஆடி மாசம் நீங்களே எழுதியிருக்கீங்க டீச்சர். அப்பவும் இவ இங்கதான் இருந்தா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. அன்றைக்கு அந்த நோட்டில் மூன்று பக்கம் எழுதினேன். பேனா கிழித்த இடம்கூட இரண்டு உண்டு. வீட்டுக்கு வந்து மேலே இருக்கிற அத்தனை பேருக்கும் மனு எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கார்டு வந்தது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இருக்கிற அவள் ஊருக்கும் போனேன். அவள் அப்பா, பேர் மண்ணாங்கட்டி, களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். பெற்ற பெண்ணை ஜெயிலில் போட்டுவிட்டு உனக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

"இன்னும் ரெண்டு பொண்ணு இருக்குதுங்கம்மா" என்றார். "இதை இட்டாந்து வெச்சா அதுங்களை எவன் கட்டுவான்? ஊர்ல இன்னா பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

"ஊர் பேசறதுக்காகப் பொண்ணைப் பலி குடுப்பியா?"

"நீங்க டவுன்ல இருக்கறவங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லை."

தூ என்று துப்பாத குறையாகத் திரும்பி வந்தேன். கார்த்திகை பிறந்திருந்தது. திருவண்ணாமலையில் தீபத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தேரடித் தெருவில் ஒரு அன்னதானப் பந்தல். உபயம் என்று அதே ரைஸ் மில் பேரைப் போட்டிருந்தார்கள். கொடியேற்றத்தன்று முதலாளி மகன் நெற்றி நிறைய விபூதியோடு நின்று எல்லோருக்கும் புளிசாதம் போட்டுக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது. அத்தனை பேர் வரிசையில் நின்று கை நீட்டி வாங்கினார்கள், ஒருத்தருக்காவது தெரியாமலா இருக்கும்?

அவளை விடச் சொல்லி ஐப்பசியிலேயே ஒரு வக்கீல் மூலமாகக் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தேன். முதல் இரண்டு வாய்தாவுக்கும் அவளைக் கொண்டுவரவில்லை. காவலுக்குப் போலீஸ் இல்லையாம். ஒரு தடவை தீபாவளிக் கூட்டம், ஒரு தடவை தீப பந்தோபஸ்து. ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் நடுவே என்ன தூரம் தெரியுமா? ஒரு வேப்பமரமும் ஒரு அடிபம்பும். அதைத் தாண்ட ஆள் இல்லையாம். மூன்றாவது வாய்தா தீபத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. காலையிலேயே போய் ஜெயில் வாசலில் நின்று கத்தினேன். ராஜம்மாளே அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

புது மாஜிஸ்திரேட். வயசு கம்மி. பேச அனுமதி கேட்டேன், கொடுத்தார்.

"இவளுக்கு இருபது வயசு சார். மேஜர். இவ மேல ஒரு கேஸ் கிடையாது. அஞ்சு மாசமா உள்ள இருக்கா. இவளைக் கெடுத்தவன் திருவண்ணாமலையில அன்னதானம் பண்ணிட்டிருக்கான்."

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பேப்பர்களைப் புரட்டினார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. இது நடந்திருக்கவே கூடாது. இன்னைக்கே விடறேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆனா எங்க போவாங்க? அப்பா கூட்டிட்டுப் போகமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டா, அந்த மூணு பேருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? சாட்சி சொல்ற வரைக்கும் பொறுப்பான ஒருத்தர் வீட்டுல வெச்சுக்கறேன்னு கையெழுத்து போட்டா போதும், இப்பவே அனுப்பறேன். நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாஞ்சாலையும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து என் நாத்தனார் தனத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. வந்தவர்கள் இந்தப் பெண் யார் என்று கேட்பார்களே, என்ன சொல்வது, தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களே என்று அந்த அரை நிமிடத்தில் மண்ணாங்கட்டி போட்ட கணக்கையெல்லாம் நானும் போட்டேன். இத்தனை நாள் கத்திய வாய் ஒட்டிக்கொண்டது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்றேன்.

மாஜிஸ்திரேட் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா. நாளைக்குத் தீபம், லீவு. திங்கட்கிழமை வாங்க" என்று எழுதிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் பாஞ்சாலையிடம் ஓடினேன். நாலே நாள், கட்டாயம் வருவேன், என்னை நம்பு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிதான் பேசினாள்.

"பரவால்லைங்க டீச்சர். எங்கப்பாவும் வீட்டுல கேட்டுட்டு வரேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

ராஜம்மாள் அவளை உள்ளே கூட்டிப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். என் வீட்டுக்காரர் சுப்பிரமணி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இதைப் போய்க் கேக்கணுமா? கையோட கூட்டிட்டு வர வேண்டியதுதானே" என்றார். தனம், "என் ரூம்ல படுத்துக்கட்டும் அண்ணி" என்றாள். அவர்கள் மாட்டேன் என்றிருந்தால் அவர்கள் தலையில் போட்டிருப்பேன். அதற்கும் வழி இல்லை.

மறுநாள் மலையில் தீபம் ஏற்றினார்கள். ஊரே மாடியில் நின்று அரோகரா என்றது. நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஞாயிறு ஆரணிக்காரர்கள் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை கோர்ட் திறக்குமுன்பே போய் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, பாஞ்சாலையைக் கூட்டிவந்தேன். மூன்று மாதம் கழித்து என் வீட்டிலிருந்து போய்த்தான் சாட்சி சொன்னாள். குரல் நடுங்காமல் சொன்னாள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டினவர்கள் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஆனி முதல் கார்த்திகை வரை அவளை உள்ளே வைத்திருந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் திட்டியிருக்கிறேன். வார்டரை, அப்பனை, மனுவை அமுக்கி வைத்தவனை. அந்த வியாழன் முதல் திங்கள் வரை, நாலு ராத்திரி, அவளை உள்ளே வைத்தது நான். அதற்கு யார் வாசலில் போய் நின்று கத்துவது?