ஓய்வு அட்டை

விடிவதற்குள் அறுபது கூண்டுகளின் தட்டுகளையும் சுரண்டிக் கழுவியாக வேண்டும். முயல் மூத்திரத்தின் நெடி கண்ணைக் கரித்தது. அண்ணி முதுகு கழன்றுவிடும்போல் குனிந்து நின்றாள். வேலைக்குச் சேர்த்துவிட்ட நாத்தனார் அப்படிக் கூப்பிடப்போய், தலை நரைத்த முயல்காரர் உட்பட அத்தனை பேருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

மனித ரத்தத்தில் ஏ, பி என்ற பிரிவுகளை உண்டாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் காட்டும் எதிர்ப்பொருளைத்தான் அந்தக் கம்பெனி தயாரித்தது. நொதியை முயலுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். சில வாரம் கழித்து அதன் காது நரம்பில் ரத்தம் எடுத்து, வடித்து, கட்டைவிரல் அளவுப் புட்டிகளில் அடைத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். சரக்கு சரிதானா என்று பார்க்க மனித ரத்தம் வேண்டும். அதற்குத்தான் தொழிலாளர்களின் கை இருக்கிறதே! ஏ, பி ரத்தத்தில் சோதனைத் தாளில் கோடு விழ வேண்டும். ஓ ரத்தத்தில் விழக் கூடாது. ஏ, பி ஆட்கள் முறை வைத்துக் கொடுத்தார்கள். நிரந்தர ஆட்களில் ஓ பிரிவு நாத்தனார் ஒருத்திதான். அண்ணியும் ஓதான், ஆனால் தற்காலிக ஆளிடம் எடுப்பதில்லை.

வாரம் ஒருமுறை என்று தொடங்கிய ஊசி, ஆர்டர் கூடக் கூட அன்றாடம் ஆகிவிட்டது. "ஓன்னா ஓய்வே இல்லாத பிரிவு, அண்ணி" என்று நாத்தனார் சிரிப்பாள். உதடு வெளுத்துக் கிடக்கும்.

நேற்று, ரத்தம் கொடுத்த சூட்டோடு கொதிநீர்த் தொட்டியில் புட்டி எடுக்கப் போனவள் கண் இருண்டு சாய்ந்தாள். வலது கை தோள் வரை வெந்துபோயிற்று.

இன்று முதலாளி ஏழு மணிக்கே வந்து நின்றார். முயல்களிடமும் ஆட்களிடமும் ரத்தம் எடுப்பது முயல்காரர்தான். அவர் ஊசித் தட்டோடு பின்னால் வந்தார்.

"பத்து மணிக்குச் சரக்கு போகணும். ஓ ரத்தம் வேணும். கையை நீட்டும்மா. அவ இடத்துல உன்னைப் போட்டுடறேன். இன்னிக்கே நிரந்தரம்" என்றார் முதலாளி அண்ணியிடம்.

"அப்போ அவ?"

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு அவ என்ன வேலை செய்யப் போறா?"

நிரந்தரம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாதக்கணக்கில் வேலையில்லாத புருஷன். அண்ணிக்குச் சபலம் தட்டியது. இல்லை என்று சொன்னால் பொய். ரவிக்கைக் கையை அவளே பாதி மடித்துவிட்டாள்.

முயல்காரர் ஊசியைத் தொடவில்லை. அவர் பார்வை கூண்டுகளின் மேல் இருந்தது. அண்ணியும் திரும்பிப் பார்த்தாள். நேற்று ரத்தம் எடுத்த கூண்டுகளில் சிவப்பு அட்டை தொங்கியது: "ஓய்வு. இரண்டு வாரம் தொடக் கூடாது." தினம் அவள் துடைக்கிற அட்டைதான்.

"சார், இந்த முயலுகிட்ட இன்னிக்கு எடுப்பீங்களா?"

"அட்டை தொங்குதுல்ல? எடுத்தா செத்துடும்."

"என் நாத்தனாருக்கு ஏன் சார் அட்டை மாட்டல?"

"முயலும் ஆளும் ஒண்ணா?"

"இல்லதான் சார். முயலை நல்லாப் பாத்துக்கறீங்க."

அவள் மடித்ததை இறக்கிவிட்டாள். மேசையிலிருந்த அட்டைக் கட்டில் ஒன்றை உருவி, கயிறு கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

முயல்காரர் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கொண்ணு குடு அண்ணி."

புட்டி கழுவும் பெண்கள் ஈரக் கையோடு வந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு வடிப்பவர்கள், லேபிள் ஒட்டுபவர்கள்.

"எல்லாரும் கேட்டுக்கு வெளியதான் நிக்கப்போறீங்க!" முதலாளி கத்தினார்.

"நிக்கறோம்" என்றார் முயல்காரர். "அவ வேலை அவளுக்கே இருக்கணும். வைத்தியம் உங்க பொறுப்பு. எழுதிக் குடுக்கற வரைக்கும் ஒரு கையும் நீளாது."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு போனார். போலீஸ் வருமோ, நாளைக்கே புது ஆட்கள் வருவார்களோ, யாருக்குத் தெரியும்? முயல்களுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு நடந்தார்கள்.

அண்ணி இன்னோர் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நாத்தனாரின் கட்டிலில் மாட்ட வேண்டும். 'இரண்டு வாரம்' என்பதை மட்டும் அடித்துவிட வேண்டும்.