கணுக்கால் வரைக்கும் கடல்

எங்கள் ஊர் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்ததும் எங்காத்துக்காரர் நாலாவது தடவையாகச் சொன்னார், நாகப்பட்டினம் வரைக்கும்தான் வருவாராம், என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டு அடுத்த பஸ் பிடித்துத் திரும்பிவிடுவாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீராவுக்கு அடுத்த வாரம் யாழ்ப்பாணத்தில் பிரசவம். ஒரே பெண். எங்கள் ரெண்டு பேருக்கும் டிக்கெட்டும் விசாவும் எடுத்து அனுப்பியிருந்தாள். அப்பா வரமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் எடுத்தேன் என்று போனில் சொன்னபோது அவள் குரல் உடைந்துபோயிற்று.

இவர் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்கோடிச் சின்னக் கோயிலில் முப்பத்தோரு வருஷமாகப் பெரிய வெண்கல உருளியில் நைவேத்தியம் சமைக்கிறவர். கடல் கடந்தவன் அந்தத் திடப்பள்ளிக்குள், அதாவது பகவானுடைய சமையலறைக்குள், மறுபடி கால் வைக்கக்கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறினவனும் இல்லை. வருஷா வருஷம் ஸ்வாமி கடலில் நீராடுகிற ஆறாட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் போவார். கணுக்கால் நனைந்ததும் பின்வாங்கிவிடுவார். கடலோடு அவருக்கு அவ்வளவுதான் சங்காத்தம்.

நாகர்கோவிலில் இறங்கி, மதுரை, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் மனுஷர் வாழைப்பழம் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தால், காற்று பலம், கப்பல் நாளைக்குத்தான் என்றார்கள். துறைமுகத்துக்கு வெளியே கருவாடு விற்றுக்கொண்டிருந்த பிரிஸில்லா என்கிறவள் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திராமல் என் பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். இவர் வெளியில் சாப்பிடுவதில்லை என்று நான் கூசிக்கொண்டே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போய்ப் புதுப் பானை வாங்கிவந்தாள், அடுப்பைத் துடைத்துக் கொடுத்தாள், சமையலறையை எங்களுக்கு விட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். முன்பின் தெரியாதவர்களுக்கு யார் செய்வா இப்படி?

இவர் அவள் வீட்டு ஆறு பேருக்கும் சேர்த்தே அரிசி களைந்தார். பருப்பும் ரசமும் வைத்துத் தானே பரிமாறினார். நாங்கள் எதற்காக வந்தோம், இவர் ஏன் திரும்பிப்போகிறார் என்பதையெல்லாம் நான் சொல்ல, பிரிஸில்லா ரெண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டுக் கரையிலயே நின்னா காலுதாண்ணே வலிக்கும்."

இவர் எழுந்துபோய்ப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

காலையில் துறைமுக வாசலில் பையை என்னிடம் கொடுத்து, பத்திரமாகப் போ என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு நாலடி நடந்திருப்பேன், பின்னால் அதிகாரி சத்தமாக ஒரு பெயரைப் படித்தார்.

"சாம்பசிவன்?"

"நான்தான்."

திரும்பினேன். பாஸ்போர்ட்டைத் தம்பானூரிலிருந்தே சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், திருட்டு மனுஷர். கோயில் என்னாகும் என்று கேட்டேன். தனக்குப் பதிலாக இப்போது திடப்பள்ளியில் நிற்கிற வெங்கிடேஷ் நன்றாகவே செய்வான் என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

கப்பல் புறப்பட்டு ரெண்டு மணி நேரம் கழித்து மேல்தளத்துக்கு வந்தோம். எந்தப் பக்கமும் கரை இல்லை. நீலம், அதற்கு அப்பாலும் நீலம். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இத்தனை பெரிய உருளியை அடுப்பில ஏத்தி எறக்கறது யாருடி?" என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றினார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, வெற்றுமார்போடு கைகூப்பி நின்றார், ஊரில் கோயில் நடை திறக்கும்போது நிற்கிற மாதிரி. கப்பல் ஊழியர் ஒருவர் ஓடிவந்து, சட்டையைப் போடச் சொல்லுங்கள் அம்மா என்றார்.

"கொஞ்சம் இருங்கோ. அவர் நடையில நிக்கறார்."

அந்த ஊழியர் இவரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். அக்கரை கண்ணுக்குத் தெரிகிறவரை சட்டை என் மடியில்தான் இருந்தது.